ஸ்டிக்கருக்கு அடியில் எரிந்த விளக்கு

முத்துப்பேட்டையில் எங்கள் தெருவுக்கு வந்து நுஸைபாவைப் பற்றிக் கேளுங்கள். "வெளிநாட்டுல வெந்து சாகுற புருஷனை ஒரு லேப்டாப்புக்காக உட்டவ" என்பார்கள். சொல்லிவிட்டு உச்சுக் கொட்டுவார்கள். அந்த உச்சு முபாரக்குக்காக, அவளுக்காக இல்லை. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். நான் அவளுக்கு எதிர்வீட்டுக்காரி, அவளிடம் அளவு கொடுத்துத் துணி தைத்துக்கொண்டவள். நடந்ததைத் தெரிந்துகொண்டு பேசுங்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய்த்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நுஸைபா, ஷேக் பரீதின் மூத்த மகள். அவள் அத்தா கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தவர். பத்தாவது முடித்ததும் இவள் பட்டுக்கோட்டைக்குப் பஸ் ஏறிப் போய்த் தையல் கற்றுக்கொண்டாள். வயசுப்பெண் தினம் பஸ்ஸில் போகலாமா என்று கேட்டவர்கள் வீட்டுக் கல்யாணத் துணியெல்லாம் பிற்பாடு இவள் மிஷினில்தான் தைத்தது. கேட்டவர்களுக்கு அது ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை. இவளும் சொல்லிக் காட்டவில்லை. நானாக இருந்தால் சொல்லிக் காட்டியிருப்பேன்.

எங்கள் ஊரில் வெளிநாடு போவதைச் சபுருக்குப் போவது என்போம், போனவனைச் சபுராளி என்போம். தொண்ணூறுகளில் ஆரம்பித்து வீட்டுக்கு ஒருவன் சபுராளி ஆனான். மருதாணிச் சிவப்பு போவதற்குள் மாப்பிள்ளை விமானம் ஏறிவிடுவான், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெட்டியோடு வருவான். நுஸைபாவின் புருஷன் முபாரக்கும் அப்படித்தான். சவூதியில் தம்மாமில் ஒரு கிடங்கில் அவனுக்கு வேலை.

ஆண்கள் இல்லாத தெருவில் பெண்களுக்கு வாய்விட்டுப் பேச ஓர் இடம் வேண்டுமே. அது நுஸைபாவின் தையல் அறைதான். வாசலை ஒட்டிய சின்ன அறை. ஜன்னலுக்குக் கனத்த திரை, கதவுக்கு உள்தாழ்ப்பாள். அந்த அறைக்குள் ஆண் கால் படக்கூடாது என்பது அவள் சட்டம். அவள் மாமனாரே உயிரோடு இருந்தவரை வாசலில் நின்று ஒரு தடவை இருமுவார், "உள்ள ஆளு இருக்காங்க மாமா" என்று குரல் வந்தால் வந்த வழியே பள்ளிவாசலுக்குத் திரும்பிப் போய்விடுவார். அந்த மனுஷருக்கு இருந்த நாகரிகம் அவர் பெற்றதற்கு இல்லை.

உள்ளே வந்ததும் பர்தாவைக் கழற்றி ஆணியில் மாட்டுவோம். வயதானவர்கள் வெள்ளைத் துப்பட்டியை மடித்து வைப்பார்கள். அளவு கொடுப்போம், போட்டுப் பார்ப்போம், பிள்ளைக்குப் பால் கொடுப்போம். மாமியாரைத் திட்டுவோம், புருஷனைத் திட்டுவோம், சில நாள் அழவும் செய்வோம். அங்கே பேசியது வெளியே போகாது. ஒரு பெண் சொன்னதை அடுத்த பெண்ணிடம் நுஸைபா சொல்லி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. தையலை விட அந்த வாய்க்கட்டுதான் அவள் சம்பாத்தியம்.

முபாரக்கோடு பேசுவதற்கு முதலில் அவள் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போவாள். நாங்கள் எல்லோரும் போவோம். பலகை தடுப்புக்குள் ஒரு கம்ப்யூட்டர், அதன் தலையில் உருண்டையாக ஒரு கேமரா, கேமராவில் ஒரு குட்டி விளக்கு. படம் போகிறது என்றால் விளக்கு எரியும். எரிந்தால் முக்காட்டைச் சரிசெய்வோம், அணைந்தால் முந்தானையால் விசிறிக்கொள்வோம். அந்தக் கேமராவைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். அதைத் தெரிந்து வைத்திருந்தோம் என்பது முபாரக்குக்கும் தெரியும். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் லீவில் வந்தபோது அவன் ஒரு லேப்டாப் கொண்டுவந்தான். வீட்டுக்கே பிராட்பேண்ட் இழுத்தான். இனிமேல் பொண்டாட்டி பிரவுசிங் சென்டர் வாசலில் நிற்க வேண்டாம் என்று தெருவே மெச்சியது. லேப்டாப்பைத் தையல் அறையில், மிஷினுக்கு எதிரே சுவர்ப் பலகையில் வைத்தான். கூடத்தில் வைக்கலாமே என்றதற்கு, "நீ பாதி நேரம் இங்கதானே இருக்க, இங்கயே இருக்கட்டும்" என்றான். மூடினால் சூடாகி வீணாய்ப்போகும், அணைக்க வேண்டாம், திரை தானாக இருண்டுகொள்ளும் என்று சொல்லிக்கொடுத்தான். கடைசியில் பையிலிருந்து ஒரு ஸ்டிக்கரை எடுத்தான். பச்சையில் பொன்னெழுத்து, மாஷா அல்லாஹ். திரைக்கு மேல் கேமராத் துளைக்குப் பக்கத்தில் அவனே அழுத்தி ஒட்டினான்.

"கண்ணு பட்டுடக் கூடாதுல்ல" என்றான்.

யாருக்குச் சந்தேகம் வரும்? எங்கள் ஊரில் ஃபிரிட்ஜ் வந்தால் அந்த ஸ்டிக்கர், வாஷிங் மெஷின் வந்தால் அந்த ஸ்டிக்கர், ஸ்கூட்டியின் நெற்றியிலும் அதுதான். ஒட்டியதை யாரும் பிய்க்க மாட்டோம். தூசி துடைக்கும்போதுகூட அந்த எழுத்தைச் சுற்றி மரியாதையாகத்தான் துடைப்போம். அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் புத்தி எங்களில் ஒருத்திக்கும் வராது என்று அவனுக்குத் தெரியும், ஏனென்றால் அவனும் எங்களில் ஒருவன். அல்லாஹ்வின் பெயரை எடுத்து எதை மறைக்கப் பயன்படுத்தியிருக்கிறான் பாருங்கள்.

அவன் சபுருக்குத் திரும்பிப் போனான். நாங்கள் வழக்கம்போல் அந்த அறைக்குப் போனோம், ஆணியில் பர்தாவை மாட்டினோம், அளவு கொடுத்தோம்.

ரம்ஜான் முடிந்து சில வாரம் கழித்து, பக்கத்துத் தெரு ஆமினா தலைவிரி கோலமாக நுஸைபா வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவள் புருஷன் லியாகத் அலி, தம்மாமில் முபாரக்கோடு ஒரே அறையில் இருப்பவன். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"நான் உன்னை நம்பித்தானடி வாயைத் திறந்தேன்? அவருக்கு அவரு உம்மாதான் பெருசு, என்னை எதுக்குக் கட்டுனாருன்னு உங்கிட்ட மட்டுந்தானே சொன்னேன்? அதை அப்படியே திருப்பிச் சொல்லி ஃபோன்ல என்னைக் கிழிகிழின்னு கிழிக்கிறாரு. உன் புருஷன்கிட்ட ஓதிட்டியா?"

"அல்லாஹ் மேல ஆணையா நான் சொல்லல ஆமினா."

"நீ சொல்லாம சுவரா சொல்லிச்சு?"

ஆமினா தைக்கக் கொடுத்திருந்த துணியை அப்படியே வாங்கிக்கொண்டு போனாள். அந்த வாரம் வேறு யாரும் வரவில்லை. எதிர்வீட்டில் இருந்த நானும் போகவில்லை. மிஷின் சத்தம் நின்றுவிட்டது.

நுஸைபா அழுதுகொண்டு உட்காரவில்லை. அவள் யோசித்தாள். ஆமினா அதைச் சொன்னபோது அறையில் இருந்தது இரண்டே பேர். இரண்டு பேரும் வெளியே சொல்லவில்லை. அப்படியானால் அறையில் மூன்றாவதாக ஏதோ இருந்திருக்கிறது.

ஒரு நாள் காலை அவள் மிஷின் முன்னால் தனியாக உட்கார்ந்து, செல்ஃபோனைச் சும்மா காதில் வைத்துக்கொண்டு சத்தமாகப் பேசினாள். "பின்பக்கத் தென்னையை வெட்டிடலாம்னு இருக்கேன். துரைக்கண்ணுவ வரச்சொல்லியிருக்கேன்" என்றாள். துரைக்கண்ணு எங்கள் பக்கம் மரம் ஏறுபவர். அவரிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தென்னை முபாரக் தன் கையால் வைத்தது. வைத்ததோடு சரி, பத்து வருடத்தில் ஒருநாள் கூட அது காய்த்ததா பட்டதா என்று அவன் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் ஃபோன் வந்தது. நலம் விசாரித்தான், தன் உம்மாவை விசாரித்தான். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பின்னாடி தென்னை எப்படி இருக்கு? அதுல கைய வைக்க வேணாம், என்ன?" என்றான்.

அவள் ஃபோனை வைத்தாள். மறுநாள் விடிந்ததும் தொழுகைக்குச் செய்வதுபோல் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்துகொண்டு வந்து, நகத்தால் அந்த ஸ்டிக்கரை மெல்லப் பிரித்தாள். கிழியாமல் எடுத்து, குர்ஆன் வைக்கும் அலமாரிப் பலகையில் ஒட்டினாள். லேப்டாப்பில் ஸ்டிக்கர் இருந்த இடத்தில் கடுகளவு ஒரு துளை தெரிந்தது. அதில் வெளிச்சம் இல்லை. அவள் மிஷினில் உட்கார்ந்து ஏதோ ஒரு துணியைத் தைக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் போனது. மணி அடிக்கவில்லை, திரையில் ஒன்றும் வரவில்லை. அந்தத் துளையில் மட்டும் பச்சையாக விளக்கு எரிந்தது.

அவள் நிமிர்ந்து நேராகப் பார்த்தாள்.

"பாத்தாச்சா?" என்றாள்.

விளக்கு உடனே அணைந்தது.

அங்கிருந்து அவன் வீடியோவில் கூப்பிட்டால் லேப்டாப் தானாகவே எடுத்துக்கொள்ளும்படி, மணி ஓசை வராதபடி, திரை இருட்டாகவே இருக்கும்படி எல்லாவற்றையும் அவன் போகும்போதே செய்துவைத்துவிட்டுப் போயிருக்கிறான். எங்களுக்குத் தெரிந்திருந்தது ஒரே ஒரு விளக்கு. அதை ஸ்டிக்கரால் அடைத்துவிட்டான். கரண்ட் போன நேரம் மட்டும்தான் நாங்கள் தப்பித்திருக்கிறோம். அப்போது கரண்ட் போகும்போதெல்லாம் அரசாங்கத்தைத் திட்டுவோம். சிரிப்பதா அழுவதா?

அன்று ஃபோனில் நடந்த சண்டை என் வீடு வரை கேட்டது. நுஸைபா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். மறைப்பதற்கு இனி என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பாள்.

"என் வீட்டை நான் பாத்தேன், என் பொண்டாட்டிய நான் பாத்தேன். இங்க நாலு சுவத்துக்குள்ள கெடந்து பாரு, அப்பத் தெரியும். மிஷின் ஓடுற சத்தம் கேட்டாத்தான் எனக்குச் சோறு இறங்குது" என்றான் முபாரக்.

"பாக்கணும்னு சொல்லியிருந்தா நானே முன்னால வந்து உக்காந்திருப்பேனே. வெளக்கை எதுக்கு மறைச்சீங்க?"

"அதை ஏன் பெருசு பண்ற?"

"எதுக்கு மறைச்சீங்க?"

"லியாகத்து எப்பவாச்சும் எட்டிப் பாத்திருப்பான். ஒரே ரூமு. நான் என்ன பண்றது?"

"வெளக்கை எதுக்கு மறைச்சீங்கன்னு கேக்குறேன்."

எத்தனை முறை கேட்டாளோ தெரியாது. அதற்கு மட்டும் அவனிடம் பதில் வரவில்லை. அவன் தனிமையை நான் நம்புகிறேன். எங்கள் வீட்டு ஆண்கள் அங்கே படுவது எங்களுக்குத் தெரியாததா? ஆனால் தனியாக இருப்பவன் விளக்கை மறைக்க வேண்டியதில்லை. தான் செய்வது தப்பு என்று தெரிந்தவன்தான் மறைப்பான்.

கடைசியில், "வெளியில மூச்சு உட்டின்னா உன்னை வெச்சு வாழ மாட்டேன்" என்று சொல்லி வைத்தான்.

அவள் மாமியார் சைத்தூன் பீவி கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். "புருஷன்தானம்மா பாத்தான், அந்நியனா பாத்தான்? அந்த டப்பாவைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு வாயை மூடிக்கிட்டு இரும்மா."

"என்னை மட்டும் பாத்திருந்தா யோசிக்கலாம் மாமி. அவங்க எல்லாரும் என்னை நம்பி வந்தவங்க."

பர்தாவைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். முதலில் ஆமினா வீடு. பிறகு வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒவ்வொரு வீட்டிலும் பெண்களை மட்டும் உள்ளே கூப்பிட்டு, "என் அறையில கேமரா ஓடிச்சு. எனக்குத் தெரியாது. நீங்க வந்த நாள்லயும் ஓடியிருக்கலாம். தெரிஞ்சதும் சொல்ல வேண்டியது என் கடமை" என்றாள். என் வீட்டுக்கு வந்தபோது நான் சமைத்துக்கொண்டிருந்தேன். அந்த அறையில் எப்படியெல்லாம் நின்றேன், என்னவெல்லாம் பேசினேன் என்று ஒவ்வொன்றாக மனதில் வந்து போனது. தம்மாமில் யார் யார் பார்த்துச் சிரித்தார்களோ என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது. அவளையே இரண்டு அறை அறையலாமா என்றுகூட இருந்தது. ஆனால் இதைச் சொல்ல வேண்டும் என்று அவளை யார் கட்டாயப்படுத்தினார்கள்? சொல்லாமல் விட்டிருந்தால் எங்களுக்கு ஆயுசுக்கும் தெரிந்திருக்காது.

ஆமினா கட்டிக்கொண்டு அழுதாளாம். சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். தைக்கக் கொடுத்த துணிகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. வெட்டி வைத்த துணியைக்கூட வாங்கிக்கொண்டு போனார்கள். இவ்வளவும் தாங்கிக்கொண்டவள், முபாரக் அடுத்த முறை கூப்பிட்டபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "நீங்க என்ன என்னை வெச்சு வாழாம இருக்கிறது? நான் குலா கேக்கப் போறேன்."

குலா என்றால் மனைவி தானாகக் கேட்டுப் பெறும் பிரிவு. எங்கள் மார்க்கத்தில் இருக்கிற உரிமை. ஊரில் கேட்டவர்கள் அபூர்வம். பயந்து போய் முபாரக் அவசர லீவில் வந்து சேர்ந்தான்.

பள்ளிவாசலை ஒட்டிய மதரஸா கூடத்தில் ஊர் ஜமாத் கூடியது. நடுவில் தலைவர் ஜெக்கரியா ஹாஜியார், பக்கத்தில் பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத், சுற்றிலும் பெரியவர்கள். பெண்கள் பக்கம் திரை கட்டியிருந்தது. அவளோடு நானும் ஆமினாவும் போனோம். போய்ப் பார்த்தால் திரைக்குப் பின்னால் கூட்டம். அவளிடம் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனவர்கள்கூட வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"அடிச்சாராம்மா?" என்று கேட்டார் ஜெக்கரியா ஹாஜியார்.

"இல்லைங்க."

"செலவுக்கு அனுப்பலையா?"

"அனுப்புனாங்க."

"வேற பொம்பளை சகவாசம்?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லைங்க. எனக்குத் தெரியாம என்னைப் பாத்தாங்க. தெரியக்கூடாதுன்னு வெளக்கை மறைச்சு வெச்சாங்க."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். ஹாஜியாருக்கும் மீசைக்குள் சிரிப்பு. "கட்டுன பொண்டாட்டியப் பாக்குறதுக்கு பெர்மிஷன் வாங்கணுமாம்மா?" என்றார். இப்போது நன்றாகவே சிரித்தார்கள். முபாரக்கும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். நான் பார்த்தேன்.

ஹஜ்ரத் மட்டும், "துப்பறியறது நம்ம மார்க்கத்துல கூடாதுங்க. புருஷன் பொண்டாட்டிக்குள்ளயும் அது உண்டு" என்றார். அவர் ஜமாத்தின் சம்பளத்துக்கு இருப்பவர். சத்தமாகச் சொல்லவில்லை. அதை யாரும் காதில் வாங்கவும் இல்லை.

"அந்த அறையில வேற பொம்பளைங்களும் இருந்திருக்காங்கங்க" என்றாள் நுஸைபா.

"யாரு யாரு? பேரைச் சொல்லு."

"பேரு சொல்ல மாட்டேங்க."

"பேரு இல்லாம நாங்க எப்படிம்மா நம்புறது?" என்று கையை விரித்தார் ஹாஜியார். பேச்சு முடிந்தது என்பதுபோல் சிலர் எழுந்திருக்கப் பார்த்தார்கள்.

அப்போது திரைக்குப் பின்னால், எனக்கு இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைத் துப்பட்டி அசைந்தது.

"நான் போயிருக்கேங்க. பெருநாளைக்கு ஜாக்கெட் அளவு கொடுக்கப் போனேன்."

குரலைக் கேட்டதும் கூடம் அடங்கிப்போனது. அது ஹாஜியாரின் மனைவி ஹமீதா பானு. எங்களில் எவருக்கும் இல்லாத தைரியம் அந்த அம்மாளுக்கு எங்கிருந்து வந்ததோ. ஆமினா உடனே, "நானும் போனேன்" என்றாள். நானும் சொன்னேன். பின்னால் ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள்.

ஹாஜியார் நாற்காலி பின்னால் சாய எழுந்தார். முகம் கன்றிப்போயிருந்தது. "எவன் ஊட்டுப் பொம்பளைங்களைடா பாத்த?" என்று முபாரக்கின் சட்டையைப் பிடித்தார். சற்றுமுன் சிரித்தவர்கள் எல்லோரும் இப்போது அவன்மேல் பாய்ந்தார்கள். ஊரை விட்டுத் தள்ளு, பாஸ்போர்ட்டைப் பிடுங்கு என்று ஆளுக்கொரு கூச்சல். ஹஜ்ரத் நடுவில் புகுந்து விலக்கிவிட வேண்டியதாயிற்று. அங்கேயே, அந்தச் சூட்டிலேயே, முபாரக் சம்மதம் சொன்னான். நுஸைபாவுக்குக் குலா கிடைத்தது.

எல்லோரும் கலையப் போகும்போது அவள் எழுந்து திரை ஓரத்துக்குப் போய் நின்றாள்.

"ஜமாத்தார் மன்னிக்கணும். இவ்வளவு நேரம் நான் சொன்னது எனக்கு நடந்ததுங்க. அதுக்கு ஒண்ணும் சொல்லலியே."

"அதான் நீ கேட்டது கெடைச்சிடுச்சே, இன்னும் என்னம்மா?" என்றார் ஹாஜியார், மூச்சு வாங்கிக்கொண்டே.

"தப்புன்னு சொல்லுங்க. எனக்குப் பண்ணுனது தப்புன்னு ஒரு வார்த்தை."

ஹாஜியார் ஹஜ்ரத்தைப் பார்த்தார். ஹஜ்ரத் தரையைப் பார்த்தார். அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள், எல்லோரும் தொழப் போய்விட்டார்கள். முபாரக்கும் அவர்களோடு போய் வரிசையில் நின்றான்.

மறுமாதமே அவன் சபுருக்குத் திரும்பினான், வேறு பெண்ணும் கட்டிக்கொண்டான். நுஸைபா வாடகைக்கு ஒரு கடை பிடித்து மிஷினைப் போட்டாள். நாங்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போனோம், ஹமீதா பானுதான் முதல் ஆள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் இதுவரை ஊரில் ஒருவரும் அவளிடம் சொல்லவில்லை. இன்றைக்கும் உச்சுக் கொட்டுகிறார்கள், அதுவும் அவனுக்காக. அதனால் நான் சொல்கிறேன். எங்களைப் பார்த்ததை விடுங்கள், ஹாஜியார் வீட்டு அம்மாவைப் பார்த்ததையும் விடுங்கள். அந்த அறையில் நுஸைபா தன்னந்தனியாக இருந்திருந்தாலும், முபாரக் அவளுக்குச் செய்தது தப்பு.